கலக்சி பாக்க ரெலஸ்கோப் வாங்கிறதோ, தகரம் வெட்டுறதோ?

ரொறன்ரோவில இருக்கிற தம்பி இந்தமுறை நல்லூர்த் திருவிழாவுக்கு வாறானாம். வாட்ஸ்அப்பில ஒரு வொய்ஸ் போட்டிருந்தான்: "அண்ணை, அக்கான்ர பெடிக்கு ஒரு ரெலஸ்கோப் கொண்டு வரட்டோ? நல்லதாப் பாத்துச் சொல்லுங்கோ, காசைப் பற்றி யோசிக்காதேங்கோ." பெடி ஏ.எல். மற்ஸ் எடுத்துப்போட்டு றிசல்ற்ஸ் வருமட்டும் வீட்டில நிக்கிறான், ராவு ராவா வானத்தைப் பற்றித்தான் கதை. ஆனா அவனுக்கு நிலா வேண்டாம், சனி வளையமும் வேண்டாம், கலக்சிதான், அதாவது கோடிக்கணக்கான நட்சத்திரம் சேர்ந்த பெருங்கூட்டம்தான் வேணுமாம். கலக்சிக் கொத்து, கலக்சின்ர நடுவில இருக்கிற கருந்துளை, உதுகளை "ஆராய்ச்சி" செய்யோணுமாம். ஒரு வரியில பதில் போடலாம் எண்டுதான் போனைத் தூக்கினன், மூண்டு கிழமை ஆச்சு இன்னும் போடேல்ல. இடையில இதே கேள்வியோட இன்னும் ரெண்டு மூண்டு பேர் வந்ததால யோசிச்சதை எல்லாம் இஞ்ச எழுதிவிடுறன்.

போட்டியில நிக்கிறது நாலு சாமான். ஒண்டு 8 இஞ்ச் கண்ணாடி போட்ட டொப்சோனியன், பெரிய குழாய், மரப்பெட்டியில நிக்கும், கையால தள்ளித் திருப்புறது. ரெண்டாவது இப்ப எல்லாரும் கதைக்கிற ஸ்மார்ட் ரெலஸ்கோப், கண்ணை வைக்க இடமே இல்லை, போனில படம் வரும். மூண்டாவது தகரத்தால செய்யிற ரேடியோப் புனல், வானத்தில இருந்து வாற ரேடியோ அலையைப் பிடிக்கிறது. நாலாவது ஒண்டும் வாங்காமல் லப்டொப்பில இருந்து பெரிய ரெலஸ்கோப்புகள் எடுத்த டேற்றாவை இறக்கிப் பாக்கிறது. சிரிக்காதேங்கோ, கடைசி ரெண்டையும் நான் பகிடிக்குச் சேர்க்கேல்ல.

முதல் ஒரு பழைய கதை. நான் பெடியனா இருக்கேக்க வெளிநாட்டில இருந்து எங்களுக்கும் ஒரு ரெலஸ்கோப் வந்தது. பெட்டியில 525 மடங்கு பெருசாத் தெரியும் எண்டு போட்டு, பின்னால கலர் கலரா நெபுலா படம். உள்ள இருந்தது 60 மில்லிமீற்றர் கண்ணாடி. ஒரு கண்ணாடி தாங்கக்கூடிய பெருப்பம் எண்டது மில்லிமீற்றருக்கு ரெண்டு மடங்கு, அப்ப 120, அதுக்கு மேல போனால் மொத்தமா ஒரு கலங்கல்தான். கம்பெனியின்ர பேர் வேண்டாம், உந்த மாதிரிப் பெட்டி இண்டைக்கும் கடையில இருக்கு. மூண்டு கால் ஸ்ராண்ட் சோளகக் காத்துக்கு ஆடும், நிலாவைப் பிடிச்சால் மூச்சு விடுறதுக்குள்ள ஓடிப்போடும். அந்த வருச மாரி முடிஞ்சு எடுத்துப் பாத்தால் லென்ஸுக்குள்ள மரவேர் மாதிரிப் பூஞ்சணம். இப்பவும் அலுமாரிக்கு மேலதான் கிடக்கு, அம்மா எறிய விடமாட்டா, "காசு குடுத்து அனுப்பின சாமான்" எண்டுவா.

அதால நான் முதல் பாத்தது சாமானை இல்லை, எங்கட வானத்தை. யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட வடக்கு 9 பாகை 40 கலையில இருக்கு. வெளிநாட்டுக்காரர் இதை யோசிக்கிறேல்ல. துருவநட்சத்திரம் ரொறன்ரோவில 43 பாகை உயரத்தில வடிவா நிக்கும், எங்களுக்கு 10 பாகைக்கும் கீழ, அதாவது பக்கத்து வளவுப் பனைக்குப் பின்னால. அதைப் பாத்து நேராக்க வேண்டிய ஈக்குவற்றோரியல் ஸ்ராண்டுகளில கனக்க இந்தளவு பதிவாச் சரியவே மாட்டாது. ஆகவே ஆரும் அந்த ஸ்ராண்டோட ஏதும் அனுப்பப்போறம் எண்டால் வேண்டாம் எண்டு உடன சொல்லிப்போடுங்கோ, பேந்து இழுத்தடிக்கத் தேவையில்லை.

ஆனா எங்களுக்குக் கிடைக்கிறது அவையளுக்குக் கிடைக்காது. கன்னிராசிப் பக்கம் இருக்கிற வேர்கோ கொத்து, ஆயிரத்துக்கு மேல கலக்சி உள்ள கொத்து, கிட்டத்தட்ட ஐஞ்சரைக் கோடி ஒளியாண்டு தூரம், அது சித்திரை மாசம் இரவு பத்து பதினொரு மணிக்கு எங்கட உச்சந்தலைக்கு நேர வரும். தெற்கில சென்ரோரஸ் ஏ கலக்சி 37 பாகை உயரத்தில, எங்கட சொந்தக் கலக்சியான பால்வீதியின்ர நடுப்பக்கம் 50 பாகையில. வடக்கில எம்81, எம்82 எண்ட கலக்சிச் சோடி 30 பாகையில. ரெண்டு பக்கத்து வானமும் ஒரே முத்தத்தில. இதில கொடுமை என்னெண்டால் அண்ட்ரொமிடாக் கலக்சி நல்ல உயரத்தில வாற ஐப்பசி கார்த்திகையில எங்களுக்கு மாரி, பால்வீதி நடு வாற ஆனி ஆடியில சோளகம் அடிச்சுப் புழுதியும் உப்பும். உண்மையான கண்ணாடிச் சீசன் தை தொடங்கி வைகாசி மட்டுந்தான், அதிலயும் நிலா இல்லாத கிழமைகள். வருசத்தில எத்தினை ராவு எண்டு கணக்குப் பாத்துப்போட்டு 8 இஞ்ச் குழாய்க்குக் காசு குடுங்கோ.

டொப்சோனியனை நான் குறைச்சுச் சொல்லமாட்டன், ஏனெண்டால் அதுக்குள்ளால பாத்த அந்த ஒரு ராவு இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. விடுமுறைக்கு வந்த ஒருத்தர் கொண்டுவந்து, மணற்காட்டு மணல் மேட்டடியில வைச்சுக் காட்டினவர். டோர்ச்சுக்குச் சிவப்பு ரிஷூப் பேப்பர் சுத்தி, அரை மணித்தியாலம் ஒருத்தரும் போனைத் தொடக்கூடாது எண்டு சட்டம். முதல் ஒண்டும் தெரியேல்ல. "நேர பாக்காதேங்கோ, கடைக்கண்ணால பாருங்கோ" எண்டார். கடைக்கண்ணால பாக்க, கறுப்புக்குள்ள விரலால தொட்டுத் தேய்ச்ச திருநீறு மாதிரி ஒரு பூச்சு, அதுக்குப் பக்கத்தில இன்னொண்டு, கொஞ்சம் தள்ளி இன்னும் ரெண்டு. மார்க்கேரியன் சங்கிலி எண்டு சொல்லுவினம், வேர்கோ கொத்துக்குள்ள கலக்சிகள் வளைஞ்சு வரிசையா நிக்கிற இடம். ஒவ்வொரு பூச்சும் கோடிக்கணக்கான சூரியன்கள். நிறம் ஒண்டும் இல்லை, சாம்பல்தான். எனக்கு மயிர் கூச்செறிஞ்சது, பக்கத்தில நிண்ட பெடியன் "இவ்வளவுதானோ?" எண்டு கேட்டான். ரெண்டும் நியாயமான பதில்தான், வாங்க முதல் உங்கட வீட்டுப் பிள்ளை எந்தப் பக்கம் எண்டு தெரிஞ்சுகொள்ளுங்கோ.

இன்னொரு தொல்லை, வேர்கோ உச்சிக்கு வாறது கேட்க நல்லாத்தான் இருக்கு, ஆனா டொப்சோனியனை நெட்டுக்குத்தா நிமித்திப்போட்டு இடம் வலம் திருப்பிறது பெரிய பாடு, குழாய் தன்ர அச்சிலயே நிண்டு சுத்தும், கலக்சி வரவே வராது. ஒரு மணித்தியாலம் முந்தியோ பிந்தியோ பாக்கிறது புத்தி. பிறகு அந்தக் குழாய் 1.2 மீற்றர் நீளம், அடிப்பெட்டியோட 20 கிலோ வரும், விமானத்தில கொண்டு வாறதெண்டால் தம்பி உடுப்பு ஒண்டும் கொண்டு வரேலாது. உப்புக்காத்தில கண்ணாடியின்ர அலுமினியப் பூச்சும் கெதியா மங்கும்.

அதால ஆராய்ச்சி நடக்குமோ? நடந்திருக்கு. அவுஸ்திரேலியாவில றொபேட் எவான்ஸ் எண்டொரு பாதிரியார், நூற்றுக்கணக்கான கலக்சிகள் வழமையா எப்பிடி இருக்கும் எண்டதை மனப்பாடம் பண்ணி வைச்சு, புதுசா ஒரு புள்ளி வந்தால் உடன பிடிச்சுப்போடுவார், கண்ணால பாத்தே 40க்கு மேல சுப்பர்நோவா, அதாவது வெடிச்சுப் பிரகாசிக்கிற நட்சத்திரம், கண்டுபிடிச்ச மனிசன். எங்கட ஐயர்மார் மந்திரம் பாடமாக்கிற மாதிரி அவர் கலக்சியைப் பாடமாக்கினார். ஆனா இப்ப ஒவ்வொரு ராவும் தானியங்கிக் கமராக்கள் முழு வானத்தையும் வழிச்சுத் துடைக்குது, கண்ணுக்கு மிச்சம் விடாது. ஆகவே டொப்சோனியன் எண்டது பாக்கிறதுக்கு, அளக்கிறதுக்கு இல்லை. பெடி கேட்டது அளக்க. என்ர யோசினை முழுக்க அந்த ஒரு சொல்லிலதான் திரும்பினது.

ஸ்மார்ட் ரெலஸ்கோப் அளக்கும். 50 மில்லிமீற்றர் லென்ஸ்தான், சீஸ்டார் எஸ்50 மாதிரிச் சாமான், எடையும் ஒரு சின்னப் பலாப்பழம் அளவு, ரெண்டரைக் கிலோ. முத்தத்தில வைச்சுப்போட்டு போனில "எம்104" எண்டு தட்டினால் தானே தேடி, தானே பத்துப் பத்துச் செக்கனாப் படம் எடுத்து அடுக்கிக்கொண்டே போகும். டவுனுக்குள்ள எல்ஈடி றோட்டு லைற்றுக்குக் கீழ கூட, அரை மணித்தியாலத்தில அந்த எம்104, சொம்பிறேரோக் கலக்சியின்ர கறுப்புப் பட்டி தெரியும், அது டொப்சோனியனில மணற்காட்டில போய் நிண்டால்தான் மட்டுமட்டா. 2023 வைகாசியில எம்101 கலக்சியில சுப்பர்நோவா ஒண்டு வெடிச்சது, ஜப்பானில கொய்ச்சி இற்றகாக்கி எண்ட அமெச்சர்தான் முதல் கண்டது, உலகம் முழுக்க சின்னச் சின்ன ரெலஸ்கோப்புக்காரர் அதின்ர வெளிச்சம் ஏறி இறங்கினதை நாளுக்கு நாள் அளந்தவை. இப்பிடி அடுத்த வெடிப்பு வரேக்க எங்கட முத்தத்திலயும் ஒண்டு நிண்டால் நல்லதுதானே.

குறை என்னெண்டால், உச்சிக்கு நேர வாறது இதுக்கும் ஒத்துக்கொள்ளாது. இந்த வகை ஸ்ராண்டில உச்சிக்குக் கிட்டப் படம் கெதியாச் சுழலும், ஓரம் எல்லாம் அடிபட்டுப் போகும். மற்றது, பிள்ளை கட்டிலில படுத்திருந்து போனைப் பாக்கும், வானத்தைப் பாக்காது. நான் பழைய ஆள், எனக்கு அது பிடிக்கேல்ல. அது என்ர வருத்தம், சாமானின்ர பிழை இல்லை. ஒரு வாசிகசாலையோ பள்ளிக்கூடமோ ஒண்டை வாங்கி முப்பது பிள்ளையளுக்கு ஒரேயடியாக் காட்டுறதெண்டால் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்குங்கோ, டொப்சோனியனுக்கு முன்னால முப்பது பிள்ளையள் வரிசையில நிண்டால் கடைசிப் பிள்ளைக்குக் காட்டேக்க முகில் வந்திடும்.

இப்ப கலக்சியின்ர நடுவுக்கு வருவம், பெடிக்கு அதுதான் பெரிய ஆசை. எங்கட பால்வீதி நடு தனுராசிப் பக்கம், ஒரு 26 ஆயிரம் ஒளியாண்டு தூரம். 2022 மின்வெட்டுக் காலத்தில, பங்குனிக் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்த நேரம், விடியப்புறம் நாலு மணிக்குப் புழுக்கம் தாங்கேலாமல் வெளிய வந்து பாத்தால் தெற்கில பால்வீதி புகை மாதிரி நிமிந்து நிக்குது. அம்மா "மழை வரப்போகுதோ" எண்டு கேட்டா, முகில் எண்டு நினைச்சிட்டா. அவ்வளவு வெளிச்சமும் நடுவுக்கு இங்கால இருக்கிற நட்சத்திரங்களின்ர வெளிச்சம்தான். நடுவில இருந்து புறப்படுற கண்ணுக்குத் தெரியிற ஒளியில ஒரு லட்சம் கோடியில ஒண்டு மாதிரித்தான் தூசியைத் தாண்டி இஞ்ச வந்து சேரும். 8 இஞ்ச் என்ன, 80 இஞ்ச் வாங்கினாலும் அங்க ஒண்டும் தெரியாது. அகச்சிவப்புக் கதிரும் ரேடியோவும் மட்டுந்தான் தூசிக்குள்ளால வரும். ரைன்ஹார்ட் கென்சலின்ர ஆக்களும் அன்ட்ரியா கெஸ்ஸின்ர ஆக்களும் அகச்சிவப்பில வருசக்கணக்கா ஒரே இடத்தைப் பாத்து, எஸ்2 எண்ட நட்சத்திரம் 16 வருசத்தில ஒருக்கா ஒண்டுமில்லாத ஒரு புள்ளியைச் சுத்துறதைக் கண்டுதான் அங்க சூரியனைப்போல 40 லட்சம் மடங்குக்கு மேல பாரமான கருந்துளை எண்டு நிறுவினவை, 2020இல நோபல் பரிசு. 2022 வைகாசியில அதின்ர படம் வந்தது, அதை எடுத்தது உலகத்தின்ர பல மூலையில இருந்த ரேடியோ டிஷ்களைச் சேர்த்துக் கட்டின ஒரு வலை. அதுக்கு மூண்டு வருசம் முதல் வந்த எம்87 கலக்சியின்ர கருந்துளைப் படமும் அந்த வலை எடுத்ததுதான்.

"அப்ப கண்ணால ஒரு கலக்சி நடுவையும் பாக்கேலாதோ மாமா?" எண்டு பெடிக்கு முகம் வாடிப்போச்சு. ஏலும். எங்கட நடுவைத்தான் ஏலாது. வைகாசியில இரவு பத்து மணிக்குத் தெற்கில 33 பாகை உயரத்தில ஒமேகா சென்ரோரி நிக்கும், மங்கின ஒரு நட்சத்திரம் மாதிரி, சாதாரண பைனோகுலரில பஞ்சு உருண்டை. அது ஒரு கோடி அளவு நட்சத்திரம் நெருக்கின பந்து. பால்வீதி எந்தக் காலத்திலயோ விழுங்கின ஒரு குட்டிக் கலக்சியின்ர மிச்ச நடுதான் அது எண்டு கனபேர் நினைக்கினம், 2024இல ஹபிள் விண்வெளி ரெலஸ்கோப்பின்ர 20 வருசப் படங்களை அடுக்கிப் பாத்து, நடுவில ஏழு நட்சத்திரம் அளவுக்கு மிஞ்சின வேகத்தில ஓடுறதைக் கண்டவை, குறைஞ்சது 8,200 சூரியன் பாரத்தில அங்க கருந்துளை இருக்கவேணும் எண்டு கணக்கு. தனுராசியில எம்54 எண்டு இன்னொண்டு, பால்வீதி இப்பவும் பிச்சுப் பிச்சுத் தின்னுற தனுக் குட்டிக் கலக்சியின்ர நடு. ஒமேகா சென்ரோரி ரொறன்ரோவில அடிவானத்துக்கு மேல வரவே வராது. தம்பிக்கு இதைச் சொன்னன், "அப்ப நானும் ஒருக்காப் பாக்கோணும்" எண்டான். இதுக்கு வேண்டியது 10x50 பைனோகுலர் ஒண்டு, அவ்வளவுதான். போட்டியில இல்லாத சாமான், ஆனா எதை வாங்கினாலும் இதை வாங்குங்கோ.

இப்ப தகரம். கன ஆக்கள் நம்பமாட்டினம், அதால கொஞ்சம் விரிவாச் சொல்லுறன். பால்வீதி முழுக்க ஐதரசன் வாயு, அது 21 சென்ரிமீற்றர் அலையில, 1420.4 மெகாஹேர்ட்ஸில, ஓயாமல் முணுமுணுத்துக்கொண்டிருக்கு. 1951இல இயூவன், பேர்செல் எண்ட ரெண்டு பேர் அமெரிக்காவில முதல் கேட்டவை, ஒரு யன்னலுக்கு வெளிய நீட்டின புனல் அன்ரெனாவால. அந்த வேலையை இப்ப வீட்டில செய்யலாம். முகிலுக்குள்ளாலயும் வரும், பகலிலயும் வரும், மாரியும் சோளகமும் அதுக்கு ஒரு கணக்கில்லை. வருசத்தில நாலைஞ்சு மாசம் மட்டும் வானம் திறக்கிற ஊருக்கு இதைவிட வேற என்ன வேணும்?

போன வருசம் எங்கட வாசிகசாலைப் பெடியள் ஒண்டு செய்தவை. நாற்சதுர எண்ணெய்த் தகரம் ஒண்டு, அகலம் 16 சென்ரிமீற்றர். அகலம் 10 அரைக்குக் கீழ போனால் இந்த அலை உள்ளயே போகாது, அதால பால்மாப் பேணி சரிவராது. தகரத்தின்ர பின்சுவரில இருந்து 7 சென்ரிமீற்றர் தள்ளி ஒரு ஓட்டை, அதுக்குள்ளால 5 சென்ரிமீற்றர் சொச்சம் நீளத்தில ஒரு செப்புக் கம்பி, அதுதான் காது. வாய்ப்பக்கம் ரெஜிபோம் மட்டையில அலுமினியம் பேப்பர் ஒட்டிப் புனல் மாதிரி விரிச்சு, மூலையெல்லாம் அலுமினிய ரேப். பற்றவைக்கிறதுக்கு வெல்டிங் கடை அண்ணை ஒருத்தர் வந்து, "இதென்ன தம்பியவை, கோழிக்கூடோ?" எண்டு கேட்டுக்கேட்டு ஈயம் வைச்சுத் தந்தவர். கம்பியில இருந்து ஒரு சின்ன அம்பிளிபயர், அதுக்குப் பின்னால ரேடியோ அலையைக் கொம்பியூட்டருக்கு விளங்கப்பண்ணுற யூஎஸ்பி டொங்கிள், அங்கால லப்டொப். அம்பிளிபயரும் டொங்கிளும் சேர்த்து நூறு டொலர் பக்கம்தான், மற்ற ரெண்டு ரெலஸ்கோப்பும் அதைப்போல ஐஞ்சு மடங்குக்குக் குறையாது.

முதல் நாள் ஒண்டும் வரேல்ல, திரையில முழுக்கச் சீப்புப் பல்லு மாதிரிக் கோடு. எல்லாரும் அம்பிளிபயர் பழுது எண்டு முடிவு கட்டிப்போட்டம். கடைசியில பாத்தால் லப்டொப் சார்ஜர். அதைக் கழட்டி, வீட்டில இருந்த எல்ஈடி பல்ப் எல்லாத்தையும் நூத்து, புனலைக் கிணத்தடியில நேர மேல பாக்க நிமித்தி வைச்சுவிட்டு இருந்தம். உச்சியைப் பாக்க வைச்சால் போதும், எங்கட அகலாங்கில பால்வீதி ஒரு நாளைக்கு ரெண்டு தரம் உச்சிக்கு மேலால கடக்கும், பூமி சுத்துறதால தானே வரும். கொஞ்சம் கொஞ்சமாச் சமமான கோட்டில ஒரு புடைப்பு, தோசை நடுவில பொங்குற மாதிரி. ஒருத்தன் அலுமினியத் தட்டால புனலின்ர வாயை மூடினான், புடைப்பு போட்டுது. எடுத்தான், வந்துது. அண்டைக்கு நிண்ட எட்டுப் பேரும் மாறி மாறி மூடிப் பாத்தவை.

அந்தப் புடைப்பில என்ன அளக்கலாம் எண்டதுதான் விசயம். அலை 100 கிலோஹேர்ட்ஸ் விலகினால் வாயு செக்கனுக்கு 21 கிலோமீற்றர் வேகத்தில கிட்ட வருது அல்லது தள்ளிப் போகுது. மிதுனத்தின்ர காலடிப் பக்கம் பால்வீதி உச்சியைக் கடக்கிற அந்தத் திசையில வாயு எங்களோட ஒப்பிட்டுப் பெருசா ஓடாது, அப்ப அங்க தெரியிற விலகல் கூடுதலா பூமியின்ர ஓட்டம்தான், வருசம் முழுக்கக் குறிச்சால் புடைப்பு அங்கயும் இங்கயுமா செக்கனுக்கு 30 கிலோமீற்றர் கிட்ட ஆடும். எண்ணெய்த் தகரத்தால பூமி சூரியனைச் சுத்துறதை அளக்கலாம், நினைச்சுப் பாருங்கோ. மற்றக் கடவை கழுகு விண்மீன் கூட்டப் பக்கம், அங்க வாயு 70, 80 கிலோமீற்றர் வேகம் வரைக்கும் தள்ளிப் போகும். புனலை வேற வேற பக்கம் சரிச்சு இதே மாதிரி அளந்து கொண்டு போனால், பால்வீதி நடுவில இருந்து எத்தினை தூரத்தில எவ்வளவு வேகத்தில சுத்துது எண்டொரு வளைகோடு வரும். வெளிப்பக்கம் வேகம் குறையவேணும், குறையாது. இதே குறையாத வேகத்தைத்தான் வேரா ரூபினும் கென்ற் ஃபோர்டும் அண்ட்ரொமிடாவில அளந்து 1970இல எழுதினவை, கரும்பொருள், அதாவது கண்ணுக்குத் தெரியாமல் இழுத்துப் பிடிக்கிற பாரம், எண்ட பெரிய தலையிடி அதோடதான் எல்லாருக்கும் வலிக்கத் தொடங்கினது. நடுவை நேர பாத்தால் புனலுக்குச் சுழற்சி தெரியாது, அங்க வாயு எங்களுக்குக் குறுக்கால ஓடுது, கிட்டயும் வரேல்ல தள்ளியும் போகேல்ல. நடுவை விட்டு விலத்திப் பாத்தால்தான் நடுவைச் சுத்துறது தெரியும்.

குறை இல்லையோ? புனல் ஒரேயடியா 20 பாகை அகல வானத்தைப் பாக்கும், அது கைவிரலை விரிச்சு நீட்டினால் மறைக்கிற அளவு. படம் ஒண்டும் வராது, ஒரு கோடுதான். எங்கட சொந்தக் கலக்சியைத் தவிர மற்றக் கலக்சி, கொத்து எல்லாம் இதால ஆகாது, அதுக்குப் பூனாவுக்குக் கிட்ட இருக்கிற மாதிரி 45 மீற்றர் டிஷ் முப்பது வேணும். வீட்டுக்கு வாறவைக்குக் காட்டிப் பெருமைப்படவும் ஏலாது. அக்கா பாத்திட்டு "இதுக்கே ராவு முழுக்க முழிச்சனியள்" எண்டு கேட்டா.

கொத்துக்குத்தான் லப்டொப். 1933இல ஃபிறிற்ஸ் ஸ்விக்கி கோமாக் கொத்திலை கலக்சிகள் ஓடுற வேகத்தைப் பாத்து, கண்ணுக்குத் தெரியிற பாரம் இதைப் பிடிச்சு வைச்சிருக்கக் காணாது எண்டு சொன்னவர், அவரிட்ட இருந்தது கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவு கலக்சிகளின்ர வேகம். இண்டைக்கு ஸ்லோன் வான அளவையின்ர தளத்தில அதே கொத்தின்ர நூற்றுக்கணக்கான கலக்சிகளின்ர செந்நகர்ச்சி, அதாவது தள்ளிப் போற வேகத்தைக் காட்டுற ஒளி விலகல், சும்மா கிடக்கு. பெடி ஒரு பின்னேரம் இருந்து இறக்கி, எக்ஸெலில போட்டு, வேகம் நடுவில செக்கனுக்கு 7,000 கிலோமீற்றர், அங்கால இங்கால ஆயிரம் அளவு சிதறுது எண்டு கண்டுபிடிச்சிட்டான், ஏ.எல். பெளதிகத்தோட கொத்தின்ர பாரமும் மட்டுமட்டாப் போட்டான். காசு ஒரு சதம் இல்லை, டேற்றா கார்ட் மட்டும். நான் வாயைத் திறந்து பாத்துக்கொண்டு இருந்தன். கலக்சி ஸூ எண்ட, ஆர் வேணுமெண்டாலும் சேரக்கூடிய இணையத் திட்டத்தில 2007இல கலக்சிப் படங்களைத் தரம்பிரிச்சுக்கொண்டிருந்த ஹன்னி வான் ஆர்கல் எண்ட டச்சு ரீச்சர், ஒரு கலக்சிக்குப் பக்கத்தில கிடந்த விசித்திரமான நீலப் புகையைக் கண்டு "இதென்ன?" எண்டு கேட்டது, பிறகு பெரிய ஆராய்ச்சியாப் போச்சு. சிலியில வேரா ரூபின் ரெலஸ்கோப்பும் 2025 ஆனியில முதல் படங்களைக் காட்டிப்போட்டுது, அதில ஒண்டு எங்கட உச்சந்தலைக்கு வாற அதே வேர்கோ கொத்து. இனிப் படத்துக்குப் பஞ்சமில்லை, பாக்கத்தான் ஆள் காணாது. ஆனா லப்டொப் மட்டும் எண்டால் பிள்ளைக்கு அந்த எண் எங்க இருந்து வந்தது எண்டு கைக்குப் பிடிபடாது. தான் தன்ர கையால ஒருக்கா அளந்த பிறகு ஆக்கள் அளந்ததைப் பாக்கேக்கதான் அதில எங்க பிழை வரும் எண்டு விளங்கும், சார்ஜர் படிப்பிச்ச பாடம் அது.

அப்ப என்ர முடிவு இதுதான், ஆரும் சண்டைக்கு வரலாம்: அளக்க ஆசைப்படுற ஒரு பிள்ளைக்குத் தகரமும் லப்டொப்பும், எல்லாருக்கும் சேர்த்துக் காட்ட ஸ்மார்ட் ரெலஸ்கோப், தனிய இருட்டில நிண்டு பாக்கிற பைத்தியம் பிடிச்ச ஆளுக்கு, என்னைப்போல, டொப்சோனியன். எங்கட வீட்டில முதல் ஆள்தான் இருக்கிறபடியால் நேற்று ஒரு மாதிரித் தம்பிக்குப் பதில் போட்டன், அம்பிளிபயர் ஒண்டு, டொங்கிள் ஒண்டு, 10x50 பைனோகுலர் ஒண்டு, பைனோகுலர்ப் பெட்டிக்குள்ள போட சிலிக்கா ஜெல் பக்கற் கொஞ்சம். அவனுக்குச் சந்தோசம் இல்லை. "இவ்வளவுதானோ அண்ணை, ரெண்டு கிலோவும் வராது, பெடி என்னை என்ன நினைப்பான்" எண்டான், மிச்சக் கிலோவுக்குச் சொக்லேற்றும் அக்காவுக்கு ஒரு நல்ல அலுமினியச் சட்டியும் கொண்டு வாறானாம்.

போன வருசம் கம்பஸ் பெடியன் ஒருத்தன் தன்ர டொங்கிளையும் அம்பிளிபயரையும் தந்துதான் வேலை நடந்தது, அவன் பேந்து பேராதெனியாவுக்குக் கொண்டு போட்டான். புனல் மட்டும் எங்கட கிணத்தடிக் கொட்டிலில கிடக்கு. 1964இல பென்சியஸ், வில்சன் எண்டவையின்ர பெரிய புனலுக்குள்ள புறா கூடு கட்டினது, அவையள் எச்சத்தை வழிச்சுத் துடைச்சும் போகாத இரைச்சல்தான் பிரபஞ்சம் பிறந்த காலத்துச் சூடு எண்டு பிறகு தெரிஞ்சது. எங்கட புனலுக்குள்ள அக்கான்ர சிவப்புக் கோழி அடை இருக்கு, வெல்டிங் கடை அண்ணை சொன்ன வாய் பலிச்சுப்போச்சு. திருவிழா நேரம் இரவு ஒன்பது பத்து மணிக்குக் கழுகுப் பக்கப் பால்வீதி சரியா உச்சிக்கு வரும், தம்பி வந்து இறங்க முதல் குஞ்சு பொரிச்சிடும் எண்டு அக்கா சொல்லுறா.